லக்ஷிகா பெயரில் வந்த புத்தகங்கள்

ஒனிஹங்கா, ஆக்லாந்து
9 மார்ச் 2025

நிரோஜன் அண்ணாவுக்கு,

இப்படித் திடீரென்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் தொலைபேசி எண் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். என் பெயர் மரகதம். உங்கள் தங்கை லக்ஷிகாவோடு இங்கே ஒரே வீட்டில் இருந்தவள். செப்டம்பரில் அந்த விபத்துக்குப் பிறகு அவளுடைய பொருள்களை இரண்டு பெட்டிகளில் கட்டி உங்கள் கடை முகவரிக்கு அனுப்பியது நான்தான். உடுப்புகள், ஆய்வுத் தாள்கள், அன்று காலை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன அவள் போன். நூலக அட்டையை மட்டும் அனுப்பவில்லை. அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்தது. கட்டும்போது கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் இங்கே ஒரு நூலகக் கிளையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தாராபுரம் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறார்கள். "நீயும் நூல்தான், நானும் நூல்தான்" என்று அப்பா போனில் சிரிப்பார். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே ஒருவர் கேட்ட புத்தகம் அவருடைய முறை வரும்போது முன்பதிவு அலமாரிக்கு வரும். அதில் ஒரு சீட்டு செருகி வைப்போம். குடும்பப் பெயரின் முதல் சில எழுத்துகளும் அட்டை எண்ணின் கடைசி இலக்கங்களும் அதில் இருக்கும். அக்டோபரில் ஒருநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவளுடைய சீட்டைப் பார்த்தேன். பயந்துவிடவில்லை. அவள் இருந்தபோது கேட்டு வைத்தவை, வரிசையில் காத்திருந்து இப்போது வருகின்றன என்று புரிந்தது. டிசம்பர் வரை ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் அவள் ஆய்வுக்கானவை.

அந்த ஆய்வைப் பற்றி உங்களிடமும் சொல்லியிருப்பாள். அமெரிக்காவின் முதல் நூலகங்கள். 1731-இல் பிலடெல்பியாவில் சிலர் ஆளுக்கொரு பங்கு போட்டுப் பொதுவில் புத்தகம் வாங்கினார்கள். பங்குதாரர் இறந்தால் பங்கு வாரிசுக்குப் போகும். நான் சோறு வடிக்கும்போது அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொல்வாள்.

"மரகதம், ஒரு ஆம்பிளையின்ர பேர். ஆள் செத்துக் கனகாலம். அந்தப் பேரில புத்தகம் இன்னும் போய்க்கொண்டிருந்தால், வாசிச்சது ஆரடி? மனுசியோ? மகளோ? அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"பேயா இருக்கும்."

"பேய் எண்டால் திருப்பிக் குடுக்காதடி."

அந்தக் கேள்விதான் அவள் ஆய்வின் நடு. முடிக்கவில்லை.

பிப்ரவரியில் மறுபடியும் அவள் சீட்டு வந்தது. பழைய காலனிக் கால நூலகங்களைப் பற்றிய புத்தகம் என்று நினைத்துப் பார்த்தேன். அமெரிக்காவில் பெண்கள் தங்களுக்குள் நடத்திய வாசிப்புச் சங்கங்களைப் பற்றியது. கேட்ட தேதியைக் கணினியில் பார்த்தேன். ஜனவரி. அதன் பிறகு இன்னும் இரண்டு. அவையும் ஜனவரிக்குப் பிந்தியவை.

ஜனவரியில் அவள் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது அவள் கணக்கைத் திறக்கிறீர்களா? அவளுடைய நூலகச் செயலி இருக்கும் அந்தப் போன் யாரிடம் இருக்கிறது? வாசகர் இறந்துவிட்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லி அட்டையை மூட வேண்டும் என்பது விதி. நான் இன்னும் சொல்லவில்லை. குடும்பம் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது?

பணிவுடன்,
மரகதம்


கொக்குவில், யாழ்ப்பாணம்
2 ஏப்ரல் 2025

மரகதம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெட்டிகள் கட்டி அனுப்பியதற்கு அப்போதே நன்றி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதக்கூடிய நிலையில் நாங்கள் இருக்கவில்லை.

அந்தப் போன் அலுமாரிக்குள் இருக்கிறது. நானே நிறுத்தி, நானே பூட்டினேன். இந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் காலை கடைக்குப் போனால் மத்தியானம் சாப்பிடத்தான் வருவேன். அம்மா பேப்பர் வாசிப்பா, சுவாமி விளக்கு ஏற்றுவா. அவ்வளவுதான். ஆகவே உங்கள் பக்கத்தில் யாரோ என் தங்கச்சியின் அட்டையை வைத்து விளையாடுகிறார்கள். யார் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இறந்தவளின் பெயரோடு விளையாட எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மரணச் சான்றிதழின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அட்டையை மூடிவிடுங்கள்.

அந்த நூலகக் கதைகள் எனக்கும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் போனில் பிரசங்கம்தான். பீட்டர்பரோ என்று ஒரு ஊராம். 1833-இல் ஊர்க்கூட்டம் கூடி, எல்லாருக்கும் இலவசமாகப் புத்தகம் கொடுக்கப் பொதுப்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்களாம். முதலில் அந்தப் புத்தகங்கள் இருந்தது ஒரு பலசரக்குக் கடையில். தபால் கந்தோரும் அதற்குள்தானாம். "அண்ணா, உங்கட கடையிலயும் ஒரு தட்டு வையுங்கோவன்" என்றாள். "நான் விக்கிறது சைக்கிள் டியூப். காத்துப் போன சனம்தான் இஞ்ச வரும், வாசிக்கிற சனம் வராது" என்றேன். சிரித்துச் சிரித்துப் போனை வைத்துவிட்டாள். அதுதான் அவளோடு நான் கடைசியாகக் கதைத்தது.

எண் தரவில்லை என்று குறை நினைக்க வேண்டாம். அம்மா என் போனை எடுத்துப் பார்க்கிறவ. உங்கள் பெயரைக் கண்டால் கேள்வி வரும். தை மாதத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் சாப்பிடத் தொடங்கியிருக்கிறா. பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறா. அதைக் குலைக்க நான் விடமாட்டேன். ஏதும் எழுத இருந்தால் கடை முகவரிக்கு எழுதுங்கள்.

செ. நிரோஜன்


ஒனிஹங்கா
27 ஏப்ரல் 2025

நிரோஜன் அண்ணாவுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. என் கைப்பையில்தான் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. கோபப்படுவீர்கள் என்று தெரியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கையின் அட்டையில் புத்தகம் எடுக்கிறவள் நான். கேட்கிறவள் நான் இல்லை. எடுக்கிறவள் நான்.

அக்டோபரில் வந்த அந்த முதல் புத்தகத்தை யாரும் வாங்க வரவில்லையென்றால் சில நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீட்டை உருவிக் குப்பைக் கூடையில் போடுவார்கள். அதைச் செய்யும் வேலையும் என்னுடையதுதான். என்னால் முடியவில்லை. அட்டையைக் கொண்டுவந்து அவள் பெயரில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் மேசைமேல் வைத்தேன். பிறகு வாசித்தேன். தவணைக்குள் திருப்பிக் கொடுத்தேன். டிசம்பர் வரை வந்த எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தேன். பிறகு வந்தவற்றையும்.

இப்போது நடப்பதுதான் எனக்குப் புரியவில்லை. நான் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே அடுத்தது கேட்கப்படுகிறது. யாரோ என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல. சோதித்துப் பார்த்தேன். ஒரு புத்தகத்தை வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். எந்தப் புதுக் கோரிக்கையும் வரவில்லை. தவணை முடியும் நாளில் கொடுத்தேன். அன்று மத்தியானமே அடுத்தது வந்துவிட்டது.

எங்கள் கிளையில் ராஜ்னி என்று ஒருவர் இந்த ஆண்டுதான் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். ஃபிஜிக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டப் போன தமிழர். அவரிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் 'ஐயோ' ஒன்றுதான், மற்றதெல்லாம் ஆங்கிலம். லக்ஷிகாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. போன வாரம் சீட்டைச் செருகிக்கொண்டே கேட்டார்: "சீட்டில வர்ற இந்த 'செல்வ' யாரு? இவ்வளவு வாசிக்கிறா. ஒருநாள்கூட நான் மூஞ்சியைப் பார்த்ததில்லையே." நான் கீழே குனிந்து வண்டிச் சக்கரத்தைச் சரிசெய்வதுபோல் இருந்துவிட்டேன். "ஐயோ, பேய் பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கியே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டிலும் நான் சரியாக இல்லை. அரிசி வாங்க சான்ட்ரிங்ஹாம் போனால் இரண்டு பேருக்கான பையைத் தூக்கிவிடுகிறேன். ஒனிஹங்கா கடைத்தெருவில் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஒருவர் கொடுத்த பணத்தில் கட்டிய பழைய நூலகக் கட்டடம் இருக்கிறது. இப்போது அது நூலகம் இல்லை. அவள் அந்த வழியாகப் போனால் கட்டாயம் நின்று சுவரைத் தொட்டுவிட்டுத்தான் நகர்வாள், கோயில் படியைத் தொடுவதுபோல. நான் கூச்சத்தில் பத்தடி முன்னால் போய் நிற்பேன். இப்போதும் அந்த இடத்தில் பத்தடி முன்னால் போய் நின்று காத்திருக்கிறேன். ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஆனால் அவளாக இருக்க முடியாது, அண்ணா. எப்படித் தெரியும் என்றால், இந்த வாரம் வந்த புத்தகம் நூலக வரலாறு இல்லை. கம்பளிச் சட்டை பின்னுவது எப்படி என்ற புத்தகம். லக்ஷிகாவுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. அறுந்த பித்தானை என் மடியில் எறிந்துவிட்டு, "மில்காரியின்ர மகள்தானே நீ, தை" என்பாள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அது யாருக்கோ தெரிந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தையும் எடுத்து வந்துவிட்டேன்.

அலுமாரியை ஒருதரம் திறந்து பாருங்கள்.

மரகதம்


கொக்குவில்
25 மே 2025

மரகதம்,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கடையை அரைவாசி சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். வழக்கமாக நான் வரும் நேரமில்லை.

அம்மா பின் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தா. மூக்குக்கண்ணாடி. கையில் லக்ஷியின் போன். அலுமாரித் திறப்பு என்னிடம் ஒன்று, அம்மாவின் சேலைத் தலைப்பில் ஒன்று என்பதை நான் யோசிக்கவே இல்லை. போனைத் திறக்கும் இலக்கம் அம்மா பிறந்த வருடம். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"என்னம்மா செய்யிறியள்?"

"புத்தகம் கேக்கிறன்."

"ஆருக்கு?"

"அதுதானே தம்பி தெரியேல்லை."

பக்கத்தில் குந்தினேன். "அம்மா, லக்ஷி இப்ப இல்லை" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதே? பெட்டியைத் திறந்து வாய்க்கரிசி போட்டது நானோ நீயோ?" என்று என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் சின்னப் பிள்ளையாகிப் போனேன். "இஞ்ச பார். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியிறதுக்குள்ள ஆரோ அவளின்ர பேரில ஒரு புத்தகம் எடுத்திருக்கு. பிறகு திருப்பிக் குடுத்திருக்கு. பிறகு இன்னொண்டு. எல்லாம் இதில எழுதிக் கிடக்கு. கள்ளன் எண்டால் திருப்பிக் குடுப்பானே?"

"உது கம்ப்யூட்டர் பிழை அம்மா. சிஸ்டம்."

"சிஸ்டத்துக்குக் குளிருமே? அவள் கேட்டு வச்சதெல்லாம் முடிஞ்ச உடன நான் ஒண்டு கேட்டுப் பாத்தன். எடுத்திச்சு. இன்னொண்டு கேட்டன். அதையும் எடுத்திச்சு. வைகாசி வந்தால் அங்க குளிர் எண்டு லக்ஷி சொல்லுறவள், அதுக்கு முந்தியே கம்பளி பின்னுற புத்தகம் கேட்டன். அதையும் கொண்டு போயிட்டுது. அங்க ஒரு பிள்ளை இருக்கடா. வாயைத் திறக்காத பிள்ளை. அது சாப்பிடுதோ என்னவோ."

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. சிஸ்டம்தான் என்று இரண்டாம் தரமும் சொன்னேன். அம்மா நம்பவில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கு விளங்க வேண்டும். ஒரு பிள்ளையைப் பெட்டியில் வாங்கினவ. இப்போது முகம் தெரியாத இன்னொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறா. நாளைக்கு நீங்கள் வேலை மாறுவீர்கள். கலியாணம் கட்டுவீர்கள். விசா முடிந்து ஊருக்குப் போவீர்கள். ஒருநாள் அம்மா கேட்கும் புத்தகத்தை எடுக்க ஆள் இராது. அன்றைக்கு அம்மா இரண்டாம் தரமும் அழ வேண்டிவரும். அதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டையை அக்டோபரிலேயே மூடியிருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. போனை இப்போது நான் கடைக்குக் கொண்டு வந்துவிட்டேன். அம்மா கேட்கவில்லை. பூக்கன்றுக்கும் தண்ணீர் ஊற்றவில்லை.

சான்றிதழைக் கொடுங்கள். மூடுங்கள். இனி எழுத வேண்டாம்.

நிரோஜன்


ஒனிஹங்கா
22 ஜூன் 2025

அண்ணா,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். ராஜ்னியிடம்தான் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்போ இவ்வளவு நாளா நான் தேடின ஆளு நீதானா" என்றார். அவள் பெயரைத் தட்டி, அட்டையை மூடும் பொத்தானை அழுத்துமுன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கடைசிப் புத்தகத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன். இனி அவள் பெயரில் ஒன்றும் வராது.

நீங்கள் சொன்னதில் தவறு இல்லை. விசா எப்போது என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. அடுத்த ஆண்டு எங்கே இருப்பேன் என்று யாருக்கும் வாக்குத் தர என்னால் முடியாது. அம்மா இன்னொருமுறை அழ வேண்டிவரும் என்ற பயம் உங்களுக்கு இருக்க வேண்டிய பயம்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து ஒன்று என்னை விடவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு நான் லக்ஷிகாதான் கேட்கிறாளோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். அம்மா, எடுக்கிறது யாரோ என்று யோசித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். நடுவில் லக்ஷிகா இல்லை. அவள் பெயர் மட்டும் இருந்தது. இரண்டு பக்கத்திலும் ஆட்கள்தான் இருந்தோம்.

அவள் ஆய்வுத் தாள்கள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. அதில் நடு அத்தியாயம் பாதியில் நிற்கும். செத்தவர் பெயரில் வாசித்தது யார் என்று கேட்டுவிட்டு நிற்கும். மனைவியா மகளா என்று எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் எப்படி நின்றிருப்பாள் என்று தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, பெயர் என்ன என்று எழுத்தர் கேட்டால் தன் பெயரைச் சொல்லாமல் செத்தவருடைய பெயரைச் சொல்லியிருப்பாள். அந்தப் பெயருக்குத்தான் புத்தகம் கிடைக்கும். தன் பெயரைச் சொன்னால், நீ யார் என்று கேட்டுவிடுவார்கள்.

லக்ஷிகா போன பிறகு என்னிடம் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவள் துறைக்கு மலர் வளையம் போனது. இங்குள்ள யாழ்ப்பாணச் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ரூம்மேட்" என்றேன். "ஓ" என்றுவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. அதற்கு மேல் நான்தான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மாதத்தில் நான் சாப்பிட்டேனா என்று நினைத்த ஒரே ஆள் உங்கள் அம்மா.

பின்னல் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் முதல் சில பக்கங்களைப் பழகினேன். கம்பளி வாங்கினேன். கை சரியாக ஓடவில்லை, ஓரம் கோணிக்கொண்டு போகிறது.

இதுவரை எழுதியதெல்லாம் இதைக் கேட்பதற்குத்தான். நேராகக் கேட்க வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள். எடுத்துப் போனது சிஸ்டம் இல்லை, மரகதம் என்று சொல்லுங்கள். மனமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் போனிலிருந்தே வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். என் எண் அதில் இருக்கிறது. என்னுடையதில் அந்த எண் இன்னும் 'லக்ஷி' என்றுதான் இருக்கிறது, மாற்றவில்லை. அந்தப் பெயர் வந்தால் நான் எடுத்துவிடுவேன். எடுத்ததும் பேச்சு வராது. அம்மாவை வைத்துவிடாமல் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மரகதம்